நாலரை மணிக்கு வீட்டுக்குப் போகிறவள்

கோடை முகாம் விளம்பரங்கள் இந்த ஆண்டும் என் கைபேசிக்கு வந்து சேர்ந்துவிட்டன. அறிவியல் வளம், ஆளுமை வளம், தலைமைப் பண்பு வளம் என்று எல்லாமே வளமாக இருக்கின்றன. கடைசி வரியில், பொடி எழுத்தில், 'உள்ளூர்க் குழந்தைகள் டே ஸ்காலராகச் சேரலாம், மாலை 4.30 மணி வரை மட்டும்' என்று போட்டிருக்கிறார்கள். அந்த 'மட்டும்' பற்றி எனக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் பூம்பாறையில் பூண்டு வியாபாரம் செய்கிறேன். 2024 மே மாதம் என் மகள் கொடைக்கானலில் நடந்த ஓர் அறிவியல் முகாமுக்கு இரண்டு வாரம் போய்வந்தாள். அப்போது அவளுக்குப் பதினொரு வயது. முகாமின் பெயர் வேண்டாம். சொல்லிக்கொடுத்தவர்கள் நல்லவர்கள், அக்கறையானவர்கள். என் மனத்தாங்கல் அவர்கள் போட்ட விதியின் மேல்தான். தங்கிப் படிக்கும் பிள்ளைகள் முப்பது பேர், சென்னை, பெங்களூரு, கோயம்புத்தூரிலிருந்து வந்தவர்கள். தினமும் வீட்டுக்குத் திரும்புகிறவர்கள் மூன்றே பேர். கட்டணம் எங்களுக்கு மூன்றில் ஒரு பங்குதான். அந்த ஆண்டு பூண்டு விலை நன்றாக ஏறியிருந்ததால் அதைக் கட்ட முடிந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தங்குகிறவர்களின் அடையாள அட்டை நீலம், இவர்களுடையது மஞ்சள். எதற்கு இந்த நிறப் பிரிவு என்று முதல் நாளே கேட்டேன். சாப்பாட்டுக் கணக்குக்காக என்றார்கள். நியாயமான காரணம்தான். ஆனால் மூன்றாம் நாளே பிள்ளைகள் "மஞ்சள்கள்" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

மே மாதத்துக் கொடைக்கானலைச் சுற்றுலாப் பயணியாக மட்டும் பார்த்தவர்களுக்கு எங்கள் பஸ் பயணம் புரியாது. பூம்பாறையிலிருந்து நகரத்துக்கு ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். சீசன் இல்லாத நாளில் ஒரு மணி நேரம் கூட ஆகாது. சீசனில் எவ்வளவு ஆகும் என்பது எதிரே எத்தனை வேன் வருகிறது என்பதைப் பொறுத்தது. உயர் நீதிமன்ற உத்தரவின்படி மே 7ஆம் தேதியிலிருந்து வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. அதற்குப் பிறகும் அவள் நான்கு நாள் தாமதமாகத்தான் போனாள், நான்கு நாளும் வருகைப் பதிவில் சிவப்பு மையில் குறித்தார்கள். மாடியில் தூங்கி எழுந்து கீழே வகுப்புக்கு இறங்கி வருகிறவர்களோடு பஸ்ஸில் இருபது கிலோமீட்டர் வருகிறவளை ஒரே பதிவேட்டில் வைத்தால் வேறென்ன வரும்?

குழுவாகச் சுவரொட்டி தயாரிக்கும் வேலை ஒன்று இருந்தது. மாலையில் இவள் வரைந்துவிட்டு வந்த படம் காலையில் போய்ப் பார்த்தால் இருக்காது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மற்றவர்கள் உட்கார்ந்து மாற்றியிருப்பார்கள். யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. உண்மையான பேச்சு இரவில் நடக்கிறது, அந்த நேரத்தில் இவள் வீட்டில் இருக்கிறாள். இரண்டு முறை அழுதாள். "நிறுத்திவிடலாமா" என்றேன். "வேண்டாம், நாளைக்குச் சூரியன் பார்க்கப் போகிறோம்" என்றாள்.

சூரியன் என்றது அப்சர்வேட்டரியை. எங்கள் ஊர் பஸ்ஸில் அந்தப் பெயரைத் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்கு நாற்பது வயதுவரை தெரியாது. 1899இல் தொடங்கிய சூரிய ஆய்வுக்கூடம் அது. சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிப்பக்கமாக ஓடுகிறது என்று ஜான் எவர்ஷெட் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தது அங்கேதான், 1909இல். நூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சூரியனைப் படம் எடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அங்கே வெளியே நிற்கும் கண்ணாடிகள் வெயிலைப் பிடித்து, 60 மீட்டர் நீளமுள்ள நிலத்தடிச் சுரங்கத்துக்குள் அனுப்புகின்றன. உள்ளே 34 சென்டிமீட்டர் அகலத்துக்குச் சூரியன் வந்து விழுகிறது. ஒரு சாப்பாட்டுத் தட்டை விடப் பெரிது.

அன்று சாயங்காலம் வந்தவள் அப்பத்தாவிடம்தான் முதலில் சொன்னாள். என் அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, முகாமில் எல்லாமே ஆங்கிலம். 'சன்ஸ்பாட்' என்று கேட்டுவிட்டு வந்தவள் அதைப் பஸ்ஸிலேயே தமிழாக்கி வைத்திருந்தாள்: சூரியனில் கரும்புள்ளி இருக்கிறது, பெரிது, பூமியைப் போலப் பதினைந்தை வரிசையாக வைக்கலாம். அந்த வாரம் அப்படி ஒரு புள்ளிக்கூட்டம் உண்மையிலேயே இருந்தது. அதற்கு 3664 என்று எண் கொடுத்திருந்தார்கள்.

அப்பத்தா, "நெருப்பில் எப்படியம்மா கறுப்பு இருக்கும்? கரியாகிவிட்டதா?" என்று கேட்டார்.

பதில் தெரியவில்லை. மறுநாள் அந்தக் கேள்வியோடு போனாள், பதிலோடு வந்தாள். அது கறுப்பே இல்லை, சுற்றியுள்ள இடத்தை விடச் சூடு குறைவு, அதனால் மங்கித் தெரிகிறது. அங்கே காந்தப்புலம் வலுவாக இருப்பதால் அடியிலிருந்து வெப்பம் மேலே வருவதைத் தடுக்கிறது. சுற்றிலும் ஏறக்குறைய 5,500 டிகிரி என்றால் அங்கே 3,500, 4,000 டிகிரி. அப்பத்தா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "தணலை ஊதும்போது ஊதாத இடம் மங்கித் தெரியுமே, அப்படி" என்றார். மகள் அதைக் கொண்டுபோய் முகாமில் சொல்ல, ஆசிரியர் பலகையில் எழுதிப் போட்டாராம்.

இதைத்தான் நான் சொல்ல வந்தேன். மாலை நாலரைக்கு மேல் அவளுக்கு முகாம் முடிந்துவிட்டது என்று நடத்துகிறவர்கள் நினைத்தார்கள், நானும் அப்படித்தான் நினைத்து வருத்தப்பட்டேன். கேட்டதை வேறு மொழியில், வேறு ஒருவருக்கு, அவர் குறுக்குக் கேள்விகளுக்கு நடுவே சொல்லியாக வேண்டிய கட்டாயம் அந்த முப்பது பேரில் யாருக்கும் இல்லை. எங்கள் வீட்டில் அது தினமும் நடந்தது. ஆய்வுக்கூடம் ஏன் வந்தது என்று ஒருநாள் சொன்னாள்: 1876இல் பெரும் பஞ்சம் வந்த பிறகு, மழை பொய்ப்பதற்கும் சூரியனுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று ஆராய நினைத்தார்களாம். "தாது வருஷப் பஞ்சமா?" என்றார் அப்பத்தா. அவருடைய பாட்டி வழியாகக் கேட்ட கதைகள் ஒன்றரை மணி நேரம் ஓடின. எந்த முகாமின் பாடத்திட்டத்திலும் அது இருக்காது.

ஆனால் இதைச் சொல்லியே என்னை நான் சமாதானப்படுத்திக்கொள்ள விரும்பவில்லை. இழப்பு இழப்புதான். மே 9ஆம் தேதி இரவு நட்சத்திரம் பார்க்கும் நிகழ்ச்சி வைத்தார்கள். அமாவாசைக்கு அடுத்த நாள், நல்ல இருட்டு. அந்த ஓர் இரவு மட்டும் இவளை ஒன்பது மணிவரை வைத்துக்கொள்ளுங்கள், நானே ஜீப்பில் வந்து கூட்டிப்போகிறேன், வேண்டுமானால் கூடவே இருக்கிறேன் என்று கெஞ்சினேன். டே ஸ்காலருக்கு விதியில் இடமில்லை என்றார்கள், மிகவும் மரியாதையாக.

மறுநாள் கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி இவளிடம் சொல்லியிருக்கிறாள்: தொலைநோக்கியில் ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கூட்டத்தைப் பார்த்தோம், கறுப்புத் துணியில் ஒரு பிடி உப்பைக் கொட்டியதுபோல இருந்தது. அன்று இரவு எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தெற்கு மலைக்கு மேலே அதைத் தேடினோம். பூம்பாறை இருட்டில் வெறும் கண்ணுக்கே தெரிந்தது, மங்கலாக, ஒரு துளிப் பஞ்சுபோல. அவளுக்கு உப்பு, இவளுக்குப் பஞ்சு. பூம்பாறையில் நட்சத்திரம் அதிகம் என்று நான் எவ்வளவு பெருமை பேசினாலும் பஞ்சு உப்பாகாது.

அப்பத்தா தன் பங்குக்கு வடக்கே சப்தரிஷி மண்டலத்தைக் காட்டி, வசிட்டர் பக்கத்தில் அருந்ததியைப் பார்க்கச் சொன்னார். கல்யாணத்தன்று காலை பத்து மணிக்குப் பந்தலுக்கு வெளியே நிறுத்தி, வெறும் வானத்தைக் காட்டி "தெரிகிறதா" என்று ஐயர் கேட்க, "தெரிகிறது" என்று நாங்கள் இருவரும் பொய் சொன்னது நினைவுக்கு வந்தது. நட்சத்திரத்துக்குப் பகல் நேர அனுமதி கொடுத்தவர்கள் நாம்தான். என் மனைவி சிரித்துவிட்டாள். மெய்யான அருந்ததியை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மே 11, சனிக்கிழமை. தங்குகிறவர்களைப் படகுச் சவாரிக்கும் தூண் பாறைக்கும் கூட்டிப்போனார்கள். மஞ்சள் அட்டைகளுக்கு விடுமுறை. இவள் காலையிலேயே என் சவரக் கண்ணாடியை எடுத்து, அதன் மேல் ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டையை ஒட்டி, நடுவில் மிளகு அளவு ஓட்டை போட்டாள். முற்றத்துச் சுவரில் அதை நிறுத்தி, பூண்டு தொங்கும் இருட்டறைக்குள் வெயிலைத் திருப்பினாள். முப்பது அடி தள்ளி, எதிர்ச் சுவரில், ஓர் இட்லி அளவுக்குச் சூரியன் விழுந்தது. சூரியனையோ கண்ணாடியையோ நேராகப் பார்க்கக் கூடாது, சுவரைத்தான் பார்க்க வேண்டும் என்று அப்பத்தாவையே அதட்டினாள். அந்தச் சூரியனின் விளிம்புப் பக்கத்தில் ஒரு அழுக்குக் கறை. சுவரின் கறையோ என்று கண்ணாடியை அசைத்துப் பார்த்தேன். கறையும் கூடவே அசைந்தது.

அப்சர்வேட்டரியின் சுரங்கத்தை அப்படியே என் பூண்டு அறைக்குக் கொண்டுவந்துவிட்டாள். இட்லி ஓரிரு நிமிடத்தில் தன் அகலத்துக்கு நகர்ந்துவிடுகிறது, பூமி சுற்றுகிறதல்லவா, அதனால் கண்ணாடியைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். "அங்கே மோட்டார் இருக்கிறது அப்பா, இங்கே நீங்கள்தான்" என்றாள். ஒரு மணி நேரம் மோட்டார் வேலை பார்த்தேன். அன்றைக்கு வடுகபட்டிச் சந்தைக்கு அனுப்ப வேண்டிய சரக்கு மறுநாள்தான் போனது. அதே நாளில்தான் லடாக்கில் ஹான்லேயின் வானம் முந்தின இரவு சிவந்து கிடந்த படங்கள் கைபேசியில் வந்தன. அந்தப் புள்ளிக்கூட்டத்திலிருந்து கிளம்பி வந்த மின்துகள்கள்தான் காரணம் என்று படித்துக் காட்டினேன். எங்கள் சுவரில் இருந்த அழுக்கு அந்தப் புள்ளிக்கூட்டம்தான். அப்பத்தா சுவரைத் தொட்டுப் பார்த்தார்.

மறுபடி சேர்ப்பேனா என்று கேட்டால் சேர்ப்பேன், டே ஸ்காலராகவே. ஆனால் இந்த முறை முதல் நாளே பேசிவிடுவேன். இரவு நிகழ்ச்சி ஒன்றுக்காவது உள்ளூர்ப் பிள்ளைகளைப் பெற்றோரோடு வரவிடுங்கள். குழு வேலையைப் பகலிலேயே முடியுங்கள். தாமதத்துக்குச் சிவப்பு மை போடும் முன் சாலையைப் பாருங்கள். எங்கள் மலையில், எங்கள் சீசனில் முகாம் நடத்துகிறீர்கள், முப்பத்து மூன்று இடத்தில் ஐந்தையாவது எங்கள் ஊராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாமல் கொடுத்தால் குறைந்துபோக மாட்டீர்கள். பூண்டு விலை எல்லா ஆண்டும் ஏறாது.

சூரியன் தன்னைத்தானே சுற்ற ஏறக்குறைய 27 நாளாகும், போன புள்ளி மே கடைசியில் இந்தப் பக்கம் திரும்பும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள். முகாம் முடிந்து எல்லாரும் ஊருக்குப் போய்விட்டார்கள். இவள் தினமும் காலையில் நோட்டில் எழுதினாள்: மேகம். மேகம். மழை. மேகம். ஜூன் முதல் வாரத்தில் ஒருநாள் கொஞ்ச நேரம் வெயில் அடித்தது. இட்லி வந்தது, கறை தெரியவில்லை. சிறுத்துப்போயிருக்கும் என்றாள், பெரிதாக வருத்தப்படவில்லை.

அன்று மாலை நான் முகாம் கொடுத்த சான்றிதழைச் சட்டம் போடலாம் என்று தேடினேன். கனமான அட்டையில், தங்க எழுத்தில், அவள் பெயருக்குக் கீழே 'டே ஸ்காலர்' என்று அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். முற்றத்துச் சுவரில்தான் கிடைத்தது. கல்யாணப் பத்திரிகை மழையில் ஊறிப் போய்விட்டதாம். சான்றிதழை அளவாக வெட்டி, கண்ணாடிமேல் ஒட்டி, நடுவில் ஓட்டை போட்டு வைத்திருந்தாள்.