கூண்டு எண்ணை யார் அறிவிப்பது?
கடலூர் துறைமுகத்தில் 10-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டதாக ஒரு தன்னார்வ அமைப்பின் மக்கள் தொடர்பு அலுவலர் குரல்பதிவில் சொன்னதால், அது அதிகாரப்பூர்வ அறிவிப்பு என்று ஒருவர் பதிவிட்டிருக்கிறார். அது அப்படி இல்லைங்க.

அந்தப் பொறுப்பில் இருப்பவர் பேச வேண்டியது தன் அமைப்பு செய்யும் வேலையைப் பற்றித்தான்: முகாம் எங்கே, எத்தனை தொண்டர்கள், என்ன பொருட்கள் தேவை. கூண்டு எண் வானிலை ஆய்வு மையத்திலிருந்து வரும், துறைமுகத்தில் ஏற்றுவார்கள். மற்றவர்கள் அதை எடுத்துச் சொல்லலாம், ஆனால் மூலத்தையும் நேரத்தையும் குறிப்பிட்டுத்தான். இவை இல்லாத குரல்பதிவு மறுநாளும் சுற்றும். எண் அதற்குள் மாறியிருக்கும், பழையதை நம்பிப் படகை நகர்த்துபவர்தான் பாதிக்கப்படுவார்.

சரிபார்ப்பது எளிது. வானிலை மையத்தின் இணையதளத்தில் கடைசி அறிக்கையைத் திறந்து, வெளியான நேரத்தை முதலில் பாருங்கள். பிறகு துறைமுக எச்சரிக்கைப் பகுதியில் கடலூர், புதுச்சேரிக்கு எதிரே உள்ள எண்ணைப் பாருங்கள். இணையம் இல்லையென்றால் 1077-க்கு அழைத்தால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையில் கேட்டுக்கொள்ளலாம். எண் ஒத்துப்போகாவிட்டால் தயவுசெய்து அந்தக் குரல்பதிவை மேலும் அனுப்பாதீர்கள்.