‘வெட்லாக்’ என்பதில் பூட்டு இல்லை: பரவும் செய்திக்கு உண்மை விளக்கம்

மணவாழ்வைக் குறிக்கும் ‘வெட்லாக்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மணமக்களைப் பூட்டி வைத்தல் என்று பொருள் எனவும், ‘வைஃப்’ என்பது துவைத்தல், இஸ்திரி போடுதல், உணவு முதலியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளால் ஆனது எனவும் ஒரு வாட்ஸ்அப் செய்தி பரவி வருகிறது. இரண்டும் தவறு.

பழைய ஆங்கிலத்தில் ‘வெட்’ என்பது உறுதிமொழியைக் குறித்தது. அதனுடன் சேர்ந்த ‘லாக்’, நமது ‘தல்’ விகுதியைப் போலச் செயலைக் காட்டும் விகுதி. ஆகவே, வாக்குக் கொடுத்தல் என்பதே அச்சொல்லின் மூலப்பொருள். அந்த விகுதி பிற சொற்களில் வழக்கொழிந்த பிறகு, ஒலி ஒற்றுமையால் அதைப் பூட்டாகவே கருதும் மயக்கம் ஏற்பட்டது.

‘வைஃப்’ என்பதோ ஆயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட சொல். பெண் என்பதே அதன் பழம்பொருள். பேறுகாலத்தில் பெண்ணுடன் இருப்பவரைக் குறிக்கும் ‘மிட்வைஃப்’ என்ற சொல்லில் அது இன்றும் நிலைத்திருக்கிறது. மனைவியை வேலைப் பட்டியலாகச் சுருக்கும் அந்த விளக்கம் பிழையானது மட்டுமல்ல, இழிவானதும்கூட.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியிலும், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மெரியம்-வெப்ஸ்டர் அகராதியிலும் இவற்றின் சொற்பிறப்பைச் சரிபார்க்கலாம். அச்செய்தி உங்களுக்கு வந்திருந்தால், தயவுசெய்து மேற்கொண்டு யாருக்கும் அனுப்ப வேண்டாம்.