முதலில் கையில் இருப்பதைச் சொல்லுங்கள், அப்புறம் விற்கலாம்

ஞாயிற்றுக்கிழமை பினாங்கு, பட்டர்வொர்த் மண்டபத்தில் மெடிக்கல் கார்டு, அதாவது தனியார் மருத்துவக் காப்புறுதி, விற்க நடந்த "ஓய்வுக்காலப் பாதுகாப்பு" பேச்சைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். வீடியோ எல்லா வாட்சப் குழுவிலும் சுற்றிவிட்டு, கடைசியில் என் சொந்தத் தங்கையே "அக்கா, பாருங்க, எவ்வளவு நல்லா பேசுறார்" என்று அனுப்பி வைத்தாள். இதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை.

விற்க வந்தவர் நன்றாகத்தான் பேசினார், மறுக்கவில்லை. கோட்டு, டை, பின்னால் பெரிய திரை. "அரசாங்க ஆஸ்பத்திரியை நம்பினால் நாற்காலியிலேயே உயிர் போய்விடும்" என்றார். கூட்டம் சிரித்தது. சிரித்த வாய் மூடுவதற்குள் கார்டுக்கான விண்ணப்பப் பாரத்தை நீட்டினார்கள். வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டவர்களில் பலர் என்னோடு தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்தவர்கள். அத்தனை பேரும் பென்ஷன்காரர்கள்.

முழுப் பேச்சில் ஒரு தடவையாவது, "உங்களிடம் பென்ஷன் கார்டு இருக்கிறதா, அதற்கு என்னென்ன கிடைக்கும் தெரியுமா" என்று கேட்டாரா? கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்? கேட்டிருந்தால் பாதிப் பாரம் பெட்டிக்கே திரும்பியிருக்கும்.

சரி, அவர் சொல்லாததை நான் சொல்கிறேன். நம் மலேசியாவில் அரசாங்கப் பென்ஷன்காரருக்கும் அவருடைய மனைவிக்கோ கணவருக்கோ அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். அரசாங்க ஊழியர் பொது விதிகளான 1974ஆம் ஆண்டின் பெரிந்தா அம், மருத்துவத்துக்கான பாப் எஃப்பில் எழுதி வைத்திருக்கும் உரிமை இது. ஆஸ்பத்திரியில் இல்லாத மருந்தோ கருவியோ கட்டாயம் வேண்டும் என்று அரசாங்க டாக்டர் உறுதிப்படுத்தினால், அந்தச் செலவுக்குப் பொதுச் சேவைத் துறையான ஜேபிஏவிடம் விண்ணப்பிக்கலாம். அவர்கள் சுற்றறிக்கையில் எல்லாம் இருக்கிறது. நாமாக ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துக்கொண்டு பில்லை அனுப்பி வைத்தால் கிடைக்காது. அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்டாதீர்கள்.

என் வீட்டுக்காரருக்கு முழங்கால் மாற்றியபோது இதை நேரில் பார்த்தேன். டாக்டர் பாரத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டு, முத்திரை அடித்தார். சப்ளையரின் கொட்டேஷனைப் பின்னால் வைத்து, மிஸ்ஸி (நர்ஸ்) ஒரு பழுப்பு ஃபைலில் சேர்த்தார். கொட்டேஷனில் இருந்த தொகையைப் பார்த்ததும் இவர் கண்ணாடியைக் கழற்றி, சட்டையில் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். தொகை மாறவில்லை. இவர் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அந்த மலாய்க்கார மிஸ்ஸி, "தாக் பெர்லு பாயார், சிக்கு" (காசு கட்ட வேண்டாம், டீச்சர்) என்றார். காத்திருந்தோம், அது உண்மைதான். நடுவில் நான் போன் போட்டுப் போட்டு அவர்களுக்கே என் குரல் பழகிவிட்டது. ஆனால் கைக்காசு போகவில்லை. இன்றைக்கு இவர் தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரம் வரை நடக்கிறார். படியேற நான்தான் விடுவதில்லை.

இப்போது மெடிக்கல் கார்டுக்கு வருவோம். அறுபதைத் தாண்டி, சர்க்கரையும் பிரஷரும் உள்ள ஒருவர் புதிதாக கார்டு எடுக்கிறார். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு அது பணம் தராது, அல்லது விண்ணப்பத்தையே தள்ளிவிடுவார்கள். பொதுவாக முதல் 30 நாளைக்கு விபத்தைத் தவிர எதுவும் கேட்க முடியாது, சில குறிப்பிட்ட நோய்களுக்கு 120 நாள். பிரீமியம் வயதோடு ஏறும். அது போதாதென்று மருத்துவச் செலவு கூடிவிட்டது என்று எல்லோருக்கும் சேர்த்து இன்னொரு ஏற்றமும் வரும். 2024 கடைசியில் அந்த இரண்டாவது ஏற்றத்தால் நாடே கொதித்ததும், டிசம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா தலையிட்டு, ஏற்றத்தைக் குறைந்தது மூன்று ஆண்டுக்குப் பிரித்துப் போடச் சொன்னதும் நினைவிருக்கும். 60 வயதுக்கு மேல் அந்தந்தத் திட்டத்தின் ஆகக் குறைந்த பிரிவில் இருப்பவர்களுக்கு ஓராண்டு நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். நிறுத்தி வைத்தது ஓராண்டு, கவனியுங்கள். திரையில் இத்தனை படம் காட்டியவர் இதில் ஒன்றையாவது காட்டினாரா?

நேற்று குழுவில் இதை நான் லேசாகச் சொன்னதுமே, "உங்களுக்கென்ன டீச்சர், பென்ஷன் இருக்கு, பேசுவீங்க" என்று ஒருவர் எழுதிவிட்டார். என் தம்பி பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் உழைத்தவன். பென்ஷன் கிடையாது, இபிஎஃப் சேமநிதி மட்டும்தான். நாற்பது வயதிலிருந்து ஒழுங்காக கார்டுக்குக் கட்டி வந்தான். ஆஸ்பத்திரிப் பக்கமே போகாத காலமெல்லாம் கட்டினான். உடம்பு படுத்த ஆரம்பித்த வயதில் வந்த கடிதத்தைப் பார்த்துவிட்டு, முடியாது என்று நிறுத்தினான். இப்போது பினாங்கு பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறான். எனவே பென்ஷன் இல்லாதவர் கதை எனக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

அவர்களுக்கும் ஒன்றுமே இல்லை என்பது பொய். குடிமகன் யாரானாலும் அரசாங்கக் கிளினிக்கில் 1 வெள்ளி (ரிங்கிட்), ஸ்பெஷலிஸ்டுக்கு 5 வெள்ளி. 60 வயதானால் அந்த 1 வெள்ளியும் வேண்டாம், ஐசியை (அடையாள அட்டையை) காட்டினால் போதும். மூன்றாம் வகுப்பு வார்டில் பாதிக் கட்டணம், அதுவும் 250 வெள்ளிக்கு மேல் போகாது. அரசாங்க உதவித்தொகை வாங்கும் பி40 குடும்பம், அதாவது வருமானத்தில் கீழ் 40 விழுக்காட்டில் இருப்பவர்கள் என்றால், பெக்கா பி40 என்ற சுகாதார உதவித் திட்டம் இருக்கிறது. 40 வயதுக்கு மேல் இலவசப் பரிசோதனை, மருத்துவக் கருவிக்கு 20,000 வெள்ளி வரை உதவி. இதையெல்லாம் மைக்கைப் பிடித்துச் சொல்ல நம்மில் ஆள் இல்லை. விற்பதற்கு மட்டும் எத்தனை ஆள்!

கூட்டம், காத்திருப்பு என்பீர்கள். ஆமாம். ஸ்பெஷலிஸ்ட் தேதி மாதக்கணக்கில் தள்ளிப் போகிறது, மருந்து கவுண்டரில் நம்பர் நகரவே மாட்டேன் என்கிறது. வசதி இருக்கிறது, பிரீமியம் கட்ட முடியும், தெரிந்துதான் எடுக்கிறேன் என்றால் தாராளமாக எடுங்கள். வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? கையில் என்ன இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள் என்கிறேன். இதைச் சொன்னதற்கே ஒரு தம்பி "அரசாங்க ஜால்ரா" என்று பட்டம் கொடுத்திருக்கிறார். மிக்க நன்றி.

இன்னொருவர், "மக்கள் வரிப்பணத்தில் ஓசி வைத்தியம்" என்று எழுதியிருக்கிறார். இது கொஞ்சம் வலித்தது. மழை பெய்தால் ஒழுகும் வகுப்பறையில், ஒரே அறையில் இரண்டு வகுப்பை உட்கார வைத்துப் பாடம் நடத்திய காலம் எனக்கு உண்டு. தோட்டத்துப் பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் நாங்கள் வாங்கிக் கொடுத்தோம். அப்போது யாரும் வந்து ஓசி என்று சொல்லவில்லை. வேலைக்குச் சேரும்போது சம்பளம் இவ்வளவுதான், ஆனால் கடைசி வரை வைத்தியம் உண்டு என்றுதான் எடுத்தார்கள். பேசிய கூலியில் ஒரு பகுதி அது. அப்படி எழுதியவரின் அப்பாவும் ரயில்வே பென்ஷன்காரர்தான், எனக்குத் தெரியும், பெயர் சொல்லவில்லை.

எனக்கு உண்மையில் ஆத்திரம் வந்தது வேறொரு விஷயத்தில். எங்கள் வரிசை வீட்டில் ஓர் அம்மா. கணவர் பொதுப்பணித் துறையான ஜேகேஆரில் ரோடு போட்டவர், போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் பென்ஷன் இந்த அம்மாவுக்கு மாதா மாதம் பேங்கில் விழுகிறது. அதோடு வைத்திய உரிமையும் தொடர்கிறது என்று யாரும் சொல்லவில்லை. இத்தனை காலமாகச் சர்க்கரை மாத்திரையைத் தனியார் கிளினிக்கில் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்! பிள்ளைகளுக்கும் தெரியும். அரசாங்க ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்றால் சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்று அவர்களுக்குக் கவலை. மாத்திரைக்குக் காசு மட்டும் அம்மா பென்ஷனிலிருந்து. அந்த அம்மாவும் ஞாயிற்றுக்கிழமை கையெழுத்துப் போட்டிருக்கிறார். சர்க்கரை நோயாளியிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள், பாரத்தில் அந்தக் கேள்விக்கு என்ன டிக் அடித்தார்கள் என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். இதற்கு மண்டபத்தைக் கொடுத்து, மைக் கொடுத்து, மாலை வேறு போட்டது நம் ஆட்கள். கமிட்டிக்காரர்களே, வாடகை வந்தால் போதுமா?

கையெழுத்துப் போட்டவர்கள் கவனத்துக்கு. பாலிசி கைக்கு வந்து 15 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம், கட்டிய பணம் திரும்ப வரும். மருத்துவப் பரிசோதனை செய்திருந்தால் அந்தச் செலவை மட்டும் கழிப்பார்கள். கடிதமாக எழுதிக் கொடுங்கள், ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஏஜென்ட் போனில் "நான் பார்த்துக்கொள்கிறேன் அம்மா" என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். எழுதத் தெரியாதவர்கள் மாலையில் என் வீட்டுக்கு வாருங்கள், எழுதித் தருகிறேன்.

கீழே ஏஜென்ட் நம்பர் போடுபவர்களுக்கு: அழித்துவிடுவேன். இரண்டாவது தடவை போட்டால் பிளாக்.