தராசுத் தட்டு

நேற்று ராத்திரி வியாசர்பாடியில் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் விற்கும் கடை வாசலில் ஒரு தம்பி அடித்துப் பேசினார். "ஒரே கட்சி, ஒரே முடிவு. அப்போதாண்ணா நாடு உருப்படும். வியட்நாம்காரனப் பாருங்க, தூத்துக்குடியில வந்து கார் ஃபேக்டரியே போட்டுட்டான்!"

அவர் தட்டில் இருந்த அத்தோவே ஒரு கட்சி ஆட்சி விரட்டிவிட்டவர்களோடு வந்ததுதான். 1962-ல் பர்மாவில் ஆட்சியைப் பிடித்த நே வின், 1964-ல் தன் கட்சியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தடை செய்தார். அதே வருடம் கடைகள் அரசுடைமை. 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது. ரங்கூனில் எங்கள் தாத்தாவுக்குச் சின்ன மளிகைக் கடை இருந்தது. கல்லாச் சாவியை வாங்கிக்கொண்டு வெளியே போகச் சொன்னார்களாம். தாத்தா தராசுத் தட்டு இரண்டையும் துடைத்துக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் இறங்கினார் என்று ஆயா சொல்லும். அப்புறம் கப்பல், மெட்ராஸ், வியாசர்பாடி.

அதோடு நிற்கவில்லை. 1987-ல் 25, 35, 75 கியாட் நோட்டுகளையும் ஒழித்தார்கள். மாற்றுப் பணம் கிடையாது. புதிதாக வந்தவை 45-ம் 90-ம். ஒன்பது நே வினுக்கு ராசி எண்ணாம்! மறு வருடம் ஜூலையில் அவரே "பல கட்சி வேண்டுமா என்று மக்களைக் கேட்போம்" என்றார். கட்சி மாநாடு முடியாது என்றது. ஆகஸ்டில் ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள், செப்டம்பரில் ராணுவம் வந்தது.

சரி, வியட்நாம்? 1986-ல் அங்கே ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியே தன் பாதையைத் திருத்திக்கொண்டு தனியார் வியாபாரத்துக்கு வழிவிட்டது நிஜம். அரிசிக்குத் திண்டாடிய நாடு 1989-ல் அரிசியை ஏற்றுமதி செய்தது. ஆனால் பர்மாவில் கடையை மூடியதும் மேலிடம், வியட்நாமில் திறந்துவிட்டதும் மேலிடம். இரண்டு ஊரிலும் கடைக்காரனை யாரும் கேட்கவில்லை. காசு வந்தால் உரிமை பின்னாலேயே வரும் என்கிறார்கள். இத்தனை வருடமாகியும் வியட்நாமில் இரண்டாவது கட்சி இல்லை. தைவானில் வந்தது. தடை இருக்கும்போதே 1986-ல் துணிந்து எதிர்க்கட்சி தொடங்கினார்கள், மறு வருடம் ராணுவச் சட்டம் போனது. தானாக வந்ததில்லை அது.

தம்பி விடவில்லை. "இங்க மட்டும் நம்மள எவன்ணா கேக்குறான்?"

நியாயமான கேள்விதான். ஆனால் போன கோடையில் எங்கள் தெருப் பெண்கள் குடத்தை வரிசையாக வைத்து ரோட்டை மறித்தார்கள். அரை மணி நேரத்தில் கவுன்சிலர் வந்தார், அவருக்கு முன்னாலேயே எதிர்க்கட்சிக்காரர் வந்துவிட்டார். சாயங்காலம் லாரி வந்தது.