லேபிளில் இருக்கும் பெயர் ஆலை முதலாளியின் பெயர் அல்ல

வங்கதேச ஆயத்த ஆடை ஆலைகள் வெளிநாட்டு பிராண்டுகளுக்கே சொந்தம் என்று ஒருவர் எழுதியதைப் பலரும் பகிர்ந்திருக்கிறீர்கள். அது சரியில்லைங்க. பெரும்பாலான ஆலைகளின் முதலாளிகள் உள்ளூர்க்காரர்கள்தான், பிராண்டு ஆர்டர் மட்டும் கொடுக்கிறது. இரண்டுக்கும் நடுவே டாக்காவில் இருக்கும் பையிங் ஹவுஸ்களோ (வாங்குபவர் சார்பில் வேலை பார்க்கும் முகவர் நிறுவனங்கள்), ஹாங்காங்கின் லி அண்ட் ஃபங் மாதிரியான இடைநிலை நிறுவனங்களோ ஆலையைத் தேடிப் பிடிப்பது, சாம்பிள் காட்டுவது, தரம் பார்ப்பது என்று எல்லாம் செய்கின்றன.

பெரிய முதலீடு இல்லாதவர்கள் எப்படி ஆலை நடத்தினார்கள் என்றால், அதற்கு பேக் டு பேக் எல்.சி. என்ற ஏற்பாடு இருக்கிறது. எல்.சி. என்றால் பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம். வாங்குபவர் தரும் எல்.சி.யை வங்கியில் காட்டி, அதன் பேரிலேயே துணி இறக்குமதிக்கு இன்னொரு எல்.சி. திறந்துகொள்ளலாம். தொழில் தெரிந்த ஆட்களும் இப்படித்தான் வெளித் தொடர்பில் உருவானார்கள்: 1979 வாக்கில் தேஷ் கார்மென்ட்ஸ் என்ற வங்கதேச ஆடை நிறுவனம் தென்கொரியாவின் டேவூ நிறுவனத்திடம் பயிற்சிக்கு அனுப்பிய சுமார் 130 பேரில் பலர், அப்புறம் வெளியே வந்து மற்ற ஆலைகளிலும் சொந்தத் தொழிலிலும் இறங்கினார்கள்.

நீங்களே சரிபார்க்கலாம். எச் அண்ட் எம் என்ற ஸ்வீடன் ஆடை பிராண்டு தன் சப்ளையர் ஆலைகளின் பட்டியலை 2013 முதல் இணையத்தில் வெளியிடுகிறது. அதில் ஏதாவது ஒரு ஆலையின் பெயரை எடுத்து எந்த ஆலை எந்த பிராண்டுக்கு வேலை செய்கிறது என்று காட்டும் ஓபன் சப்ளை ஹப் தளத்தில் இலவசமாகத் தேடிப் பாருங்கள், பல ஆலைகளின் பெயருக்குக் கீழே ஒன்றுக்கொன்று போட்டியான பிராண்டுகள் வரிசையாக நிற்கும். ஆலை ஒரு பிராண்டின் சொந்தம் என்றால் போட்டியாளருக்கும் அங்கே தைப்பார்களா? ஏற்றுமதி மண்டலங்களில் வெளிநாட்டார் ஆலைகளும் உண்டு, ஆனால் அங்கேயும் பெரும்பாலும் கொரியா, சீனா, தைவான் போன்ற நாடுகளின் உற்பத்தியாளர்கள்தான், கடையில் நாம் பார்க்கும் பிராண்டுகள் இல்லை.