கேம் மோடை அணைத்த அப்டேட்

யாரைக் கேட்டு அப்டேட் செய்தீர்கள்? டிவி தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டதோடு நிற்காமல், நான் தேடிப் பிடித்து இயக்கி வைத்திருந்த, விளையாடும்போது படத்தைத் தாமதமில்லாமல் காட்டும் கேம் மோடையும் சத்தமில்லாமல் அணைத்திருக்கிறது. அது எனக்குத் தெரியவந்தது இகாருகா என்ற விமானச் சண்டை வீடியோ கேமின் மூன்றாம் அத்தியாயத்தில், என் விமானம் வெடித்த பிறகுதான்.

இந்த விளையாட்டை ஆடியவர்களுக்கு அதன் கொடுமை புரியும். நம் விமானம் வெள்ளையாக இருந்தால் வெள்ளைக் குண்டுகளை உள்வாங்கலாம், கறுப்பு பட்டால் சாவு. கறுப்பாக மாறினால் அப்படியே தலைகீழ். எதிரியை அதன் எதிர் நிறத்தால் சுட்டால்தான் இரட்டைச் சேதம் என்பதால், பாதுகாப்பான நிறத்திலேயே ஒண்டிக்கொண்டிருக்கவும் முடியாது. நிறம் மாற்றும் அந்த ஒற்றைப் பட்டனில்தான் 2001ஆம் ஆண்டில் ஆர்கேடுக்கு, அதாவது காசு போட்டு ஆடும் எந்திரத்துக்கு வந்த இவ்விளையாட்டின் மொத்த உயிரும் இருக்கிறது.

நடந்ததைக் கேளுங்கள். இருபுறமும் சுவர்கள் நெருக்குகின்றன. இடப்பக்கத்திலிருந்து வரும் வெள்ளைக் குண்டுகளை எல்லாம் என் வெள்ளை விமானம் குடித்துக்கொண்டிருக்கிறது, ஆற்றல் அளவி நிரம்பப் போகிறது, வலப்பக்கத்திலிருந்து கறுப்புச் சரம் கிளம்பிவிட்டது. கடைசி வெள்ளைக் குண்டுக்கும் முதல் கறுப்புக் குண்டுக்கும் நடுவே ஒரு கீற்று இடைவெளி திரையில் தெளிவாகத் தெரிகிறது. அந்த இடைவெளியில்தான் அழுத்தினேன், கட்டைவிரலுக்கு அடியில் பட்டன் அமிழ்ந்ததை உணர்ந்தேன். ஆனால் விமானம் வெள்ளையாகவே நின்று, வெள்ளையாகவே வெடித்துச் சிதறியது. விளையாட்டின் கணக்கில் நான் தாமதம், ஏனென்றால் நான் பார்த்த இடைவெளி அங்கே எப்போதோ முடிந்துபோயிருந்தது. ஸ்டம்பு எகிறிய பிறகு பந்தைக் காட்டி, இப்போது மட்டையை வீசு என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கேம் மோடு அணைந்திருக்கும்போது, படத்தை வழவழப்பாக்குகிறோம் என்று டிவி நிறுவனத்தார் செய்யும் வேலை இதுதான்: உண்மையான இரண்டு ஃப்ரேம்களுக்கு, அதாவது அடுத்தடுத்த அசையாப் படங்களுக்கு நடுவே இல்லாத ஒன்றை டிவியே கற்பனை செய்து செருகுகிறது, அதற்காக அடுத்த ஃப்ரேம் வரும்வரை படத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இப்படி 100 மில்லிவிநாடி தாமதமானால், விநாடிக்கு 60 ஃப்ரேம்கள் ஓடும் விளையாட்டில் ஆறு ஃப்ரேம்கள் போய்விடும். குண்டு இருக்கும் இடத்தை நேர்மையாகக் காட்டி, தப்பிக்க ஒரு வழியும் வைத்திருக்கிற விளையாட்டு இகாருகா. அதில் நான் நூறு முறை செத்தாலும் வருத்தமில்லை, அது என் கையின் குறை. டிவி சொல்லும் பொய்யால் சாவதைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கேம் மோடை மறுபடி இயக்க மெனுவுக்குள் மெனு, அதற்குள் இன்னொரு மெனு. அதையும் ஒவ்வொரு எச்டிஎம்ஐ இணைப்புக்கும் தனித்தனியாகச் செய்யவேண்டுமாம்! நான் சந்தா கட்டாத ஓடிடி செயலிகளுக்கு ரிமோட்டில் வரிசையாகப் பட்டன்கள் வைக்கத் தெரிந்தவர்களுக்கு, கேம் மோடுக்கு ஒரே ஒரு பட்டன் வைக்க மட்டும் இடம் கிடைக்கவில்லையா?