பைத்தியம் மட்டுமா?

பிங்க் புளொய்ட் என்ற ஆங்கிலேய றொக் இசைக்குழுவின் 1973ஆம் ஆண்டு அல்பம் 'த டார்க் சைட் ஒஃப் த மூன்' மனம் பிறழ்ந்தவனின் கதை என்று கட்டுரையில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள், எனக்கு அப்படிப் படவில்லை. மனம் குழம்பி 1968இல் குழுவை விட்டுப் போன சிட் பரெட்டின் நிழல் அதில் இருக்கிறதுதான், ஆனால் காசு, நேரம், சாவு என்று சாதாரண ஆட்களை அரிக்கிற விஷயங்கள்தான் கூடுதல். குழுவின் பாட்டெழுத்தாளர் றொஜர் வோட்டர்ஸ் கேள்விகளை மட்டைகளில் எழுதி, லண்டன் அபே றோட் ஸ்ரூடியோவில் அகப்பட்டவர்களிடம் நீட்டிப் பதிலைப் பதிவு செய்தார்: சாகப் பயமா, கடைசியாக எப்போது ஒருவர் மீது கைநீட்டினாய், நியாயம் உன் பக்கமா? வாசற்காவலரின் குரல்கூட அதில் வரும். எனக்கு இதுதான் பெரிய விஷயம். போர் நடந்த எங்கள் புதுக்குடியிருப்புப் பக்கம் யாரும் யாரிடமும் இப்படிக் கேட்பதில்லை, கேட்டால் "அதை விடு தம்பி" என்று மாட்டுக் கதைக்குப் போய்விடுவார்கள். தொடக்கத்தில் வரும் இதயத்துடிப்பை ஒருநாள் ஸ்பீக்கரில் போட்டேன், அடுப்படியில் இருந்த அம்மா முற்றத்துக்கு ஓடிவந்து வானத்தைப் பார்த்துவிட்டு "நிப்பாட்டடா அதை" என்றா. மணிக்கூடுகள் ஒன்றாக அலறும் பாட்டை அதனால் ஹெட்போனில்தான் கேட்கிறேன். அந்தக் குரல்களைப் பற்றித் தனியாக எழுதுங்கள், வாசிக்க ஆள் இருக்கு.